அந்தி வேளைக்கு ஒரு தனிக் குண்டான்

டீக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், பாய்லர் முன்னால் நிற்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

முப்பது வருடம் உங்கள் கடை வாசலில் நின்றவன் எழுதுகிறேன். மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், தேர்தல் நேரத்துத் துண்டறிக்கை என்று வேலை குவியும் நாட்களில் எட்டு டீ, ஒன்பது டீ குடித்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுப் படபடப்பு வந்தது, தூக்கம் போனது. பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு, காஃபின் உள்ள எதையும் இனித் தொட வேண்டாம் என்று டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டார். அன்றோடு டீயை நிறுத்தினேன். உங்கள் கடைக்கு வருவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

கை வெறுமையாக உங்கள் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாலு பேர் நிற்கிறார்கள், நாலு கையிலும் கிளாஸ், பேச்சு ஓடுகிறது. கிளாஸ் இல்லாதவன் பேப்பரைப் புரட்டுவான், செல்போனைத் தடவுவான், நடுவில் கிளம்பிவிடுவான். “என்னண்ணே, டீ சொல்லலையா?” என்று தினமும் யாராவது கேட்பார்கள். தினமும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது. கொஞ்ச நாளில் அச்சகத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். “அவரு டீ குடிக்க மாட்டாரு” என்பது “அவரு வர மாட்டாரு” என்று ஆகிவிட்டது. என் மகளுக்கு வரன் பார்த்தது, வீட்டுக் கடனுக்கு எந்த வங்கி என்று முடிவுசெய்தது, அப்பா இறந்த அன்று முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டு அழுதது, எல்லாமே உங்கள் பெஞ்சில்தான். அந்தப் பெஞ்சுக்கு நான் கொடுத்துவந்த வாடகை ஒரு கிளாஸ் டீ. இப்போது அந்த வாடகையைக் கொடுக்க எனக்கு வழியில்லை. அதற்கு ஒரு வழி செய்துகொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

“டீத்தூள் இல்லாம குடிக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ கடைகளில் கேட்டுவிட்டேன். லெமன் டீ தருகிறேன் என்பார்கள். அதில் பால்தான் இல்லை, தூள் இருக்கிறது. இஞ்சி டீ, மசாலா டீ, புதினா டீ எல்லாவற்றிலும் அடியில் இருப்பது அதே டிக்காஷன். கிரீன் டீ பாக்கெட்டைக் காட்டுவார்கள். அதுவும் அதே தேயிலைச் செடியின் இலைதான், காஃபின் அதிலும் உண்டு. கடைசியில் “அப்ப பால் குடிங்க” என்பார்கள். குடித்திருக்கிறேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெயிலில் வெந்து வந்தவனுக்குச் சர்க்கரை போட்ட சூடான பால் எத்தனை நாள் இறங்கும்?

ஒருமுறை, ஊர் பேர் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரத்தில் “மூலிகை டீ” என்று பெரிதாக எழுதிய பலகையைப் பார்த்து பஸ்ஸை விட்டு ஆசையோடு இறங்கினேன். துளசி, அதிமதுரம், ஏலக்காய் என்று வாசம் தூக்கியது. இரண்டு கிளாஸ் குடித்தேன். அன்று இரவு இரண்டரை மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், நெஞ்சு தடதடவென்று அடித்தது. திரும்பும் வழியில் அதே கடையில் இறங்கி, அந்தப் பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். உட்பொருள் பட்டியலில் முதலில் இருந்தது தேயிலைத் தூள். மூலிகைகள் அதற்குப் பின்னால் வரிசையாக நின்றன. கடைக்காரர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை, அவரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அந்த இரவு போனது போனதுதான்.

தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் “டீ” என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2025 டிசம்பரில் சொன்னது. பாக்கெட் கம்பெனிகளுக்கு அது தலைவலியாக இருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு அது நிம்மதி. டீ என்றால் தேயிலை இருக்கிறது, டீ இல்லை என்றால் இல்லை என்று ஒரு சொல் தெளிவாகிறதே, அதுவே பெரிது. நம் ஊர் வழக்கில் வேறு ஒரு குழப்பமும் உண்டு. சுக்குக் காபி என்கிறோம், பெரும்பாலும் அதில் காபித்தூள் கிடையாது. ஆனால் “கொஞ்சம் திக்கா இருக்கட்டும்” என்று ஒரு சிட்டிகை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கருப்பட்டிக் காபியில் காபித்தூள் உண்டு. பெயரை வைத்து நான் எதையும் நம்பிக் குடிக்க முடியாது. நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் குடிக்க முடியும்.

இது என் ஒருவன் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் உடம்பில், உள்ளே போன காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு டீ குடித்தவருக்கு இரவு 11 மணிக்கும் அதில் பாதி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் அது கழிய இன்னும் பல மணி நேரம் கூடுதலாகும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் எடுத்துக்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்கள் கடைக்குக் கணவனோடு வந்து, வண்டியிலேயே உட்கார்ந்து, “எனக்கு எதுவும் வேணாம்” என்று சொல்லும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? வடையை மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் பெரியவரை? டியூஷன் முடிந்து அப்பாவோடு வந்து நிற்கும் எட்டு வயதுப் பையனை? அவர்களில் யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். இல்லாததை யார் கேட்பார்கள்?

“அதெல்லாம் யாரு சார் குடிப்பாங்க? நம்ம ஜனத்துக்கு டீதான்” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஒன்றை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். நம் ஜனத்துக்கு டீயும் ஒரு காலத்தில் அந்நியமாகத்தான் இருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று ஒரு புத்தகத்துக்குத் தலைப்பே வைத்திருக்கிறார். காபி, டீ இரண்டுமே இங்கே நேற்று வந்தவை. 1903-ல் தேயிலை மீது தனித் தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் தேயிலைக்கு விளம்பரம் செய்தார்கள். 1930-களில் உலகச் சந்தை படுத்தபோது தோட்ட முதலாளிகளின் கண் உள்நாட்டு மக்கள் மேல் திரும்பியது. ஊர் ஊராக ஆட்கள் போனார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் அடுப்பை மூட்டி, இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். எப்படிப் போட வேண்டும் என்று உள்ளூர் மொழிகளில் எழுதி ஒட்டினார்கள். அதே பத்தாண்டில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. பின்னால் அது பரவியபோது, குறைந்த தூளில் கடுமையான சாயம் இறங்கும் மலிவுத் தேயிலை உங்கள் கைக்கு வந்தது. இத்தனையும் நடந்த பிறகுதான் நம் நாக்கு “ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்று கேட்கப் பழகியது. ருசி பழக்கத்தில் வருவது. பழக்கிவிட்டதில் பெரும்பங்கு உங்கள் தாத்தாக்களுடையது. அந்தக் கை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

இங்கே என் மனக்குறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தேயிலை இல்லாத பானங்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. காலையில் நடைப்பயிற்சி மைதானத்து வாசலில் வரிசையாகப் பாத்திரங்கள் இருக்கின்றன. முடக்கத்தான், வாழைத்தண்டு, அருகம்புல், ஆவாரம்பூ. விற்பவர் ஒவ்வொன்றையும் காட்டி, இது சுகருக்கு, இது பிரஷருக்கு, இது கல்லடைப்புக்கு என்று நோயின் பெயரைச் சொல்லித்தான் ஊற்றுகிறார். வாங்குபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கி, முகத்தைச் சுளித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போகிறார். ருசித்தவர் ஒருவரைக் கூட நான் பார்த்ததில்லை. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று பழமொழி சொல்லிச் சொல்லியே சுக்கை மருந்துப் பெட்டிக்குள் பூட்டிவிட்டோம். சளி பிடித்தால் மல்லிக் கஷாயம், சளி விட்டால் டீ. மருந்து என்று ஆகிவிட்டால் நோய் தீர்ந்ததும் அதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நோயைத் தீர்க்கும் என்ற வாக்குறுதியை நீங்களும் தர வேண்டாம், நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது மாலையில் குடிக்க நன்றாக இருக்கும் ஒரு சூடான பானம்.

கெய்ரோவில் தெருவுக்குத் தெரு இருக்கும் கடைகளை அஹ்வா என்பார்கள். அந்தச் சொல்லுக்கே காபி என்றுதான் பொருள். ஆனால் அங்கே போய் உட்கார்ந்து யன்சூன் கேட்கலாம். அது நம் சோம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒரு விதையைக் கொதிக்கவைத்த நீர். ஹில்பா கேட்கலாம், அது வெந்தயம். கிர்ஃபா கேட்கலாம், அது பட்டை. கர்கடே கேட்கலாம், அது புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் சிவந்த புல்லிவட்டத்தை ஊறவைத்த நீர். கேட்பவரை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. காபி குடிப்பவர் பக்கத்தில், அதே மேசையில், அதே கண்ணாடி டம்ளரில் குடிக்கிறார்கள். சோம்பும் வெந்தயமும் பட்டையும் நம் அஞ்சறைப்பெட்டியில் இல்லையா? அவை குழம்புக்கு மட்டும்தான் என்று யார் விதித்தது?

இனி ருசியைப் பற்றிப் பேசுகிறேன். நம் ஆட்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

எங்கள் தெருமுனைக் கடை மாஸ்டரிடம் போன ஐப்பசியில் ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். வீட்டுத் தொட்டியில் வளர்ந்த எலுமிச்சைப் புல் நாலு தாள், ஒரு கை துளசி கொண்டுபோயிருந்தேன். அவர் இருபது வருடம் டீ ஆற்றிய கைக்காரர். கொதிநீரை ஊற்றினார், வடிகட்டினார், கை பழகிய பழக்கத்தில் தலைக்கு மேல் தூக்கி நாலு ஆற்று ஆற்றி என் முன் வைத்தார். மேலே அழகாக நுரை நின்றது. குடித்தால் சூடான பச்சைத் தண்ணீர். அவரே ஒரு வாய் குடித்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “வாசமெல்லாம் மேல போயிருச்சு சார்” என்றார்.

அதுதான் விஷயம். பால் டீயை ஆற்றினால் நுரை கட்டும், சூடு பதமாகும், ருசி கூடும். மூலிகை நீரை ஆற்றினால் அதன் உயிரே ஆவியோடு போய்விடும். எலுமிச்சைப் புல்லுக்கு மணம் தருவது சிட்ரால், துளசிக்கு அந்தக் கிராம்பு வாடையைத் தருவது யூஜெனால். இரண்டும் ஆவியோடு பறக்கிற எண்ணெய்கள். மாஸ்டர் இரண்டாம் முறை தானாகவே மாற்றிச் செய்தார். புல்லைக் கையால் கசக்கி முறித்துப் போட்டார், துளசியைக் கிள்ளிப் போட்டார், பாய்லரிலிருந்து தளதளவென்று கொதிநீர் பிடித்து, டம்ளர் மேல் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்தார். ஐந்து நிமிடம் ஆனதும் தட்டைத் தூக்கினார். தட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. முதல் மணம் அந்தத் தட்டில்தான் இருந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி இருக்கு சார்” என்றார். பிறகு சர்க்கரை டப்பாவைத் தேடிய கையை அவரே நிறுத்திக்கொண்டு, சும்மாவே குடித்தார். அந்த ஒரு முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குத் துணிவு வந்தது.

இலையையும் பூவையும் கொதிக்கவிடக் கூடாது. கொதிநீரை ஊற்றி, மூடி, நாலைந்து நிமிடம் விட்டால் போதும். விதைக்கும் வேருக்கும் பட்டைக்கும் அந்த மரியாதை போதாது, அவற்றை நசுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் அடங்கிய தீயில் கொதிக்கவிட வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் உங்கள் கைக்குத் தானாக வரும்.

சுக்குமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையானால் மதுரையில் சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு விற்று வருகிறார்கள், ருசி தெரியாதவர் இல்லை. ஆனால் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது காரமும் இனிப்பும் மட்டும்தான். அரைத்து மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பொடியில் மல்லியின் மணம் இருக்காது. தனியாவை வெறும் சட்டியில், நிறம் மாறுவதற்குள் இறக்கி, அன்றன்றைக்கு ஒன்றிரண்டாக உடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தோலை உரித்தது போல ஒரு வாசம் எழும். சுக்கைத் தோல் சீவித்தான் தட்ட வேண்டும், நம் பெரியவர்கள் சுக்குக்குப் புறத்தே நஞ்சு என்று சொன்னதை மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மல்லி, கட்டைவிரல் அளவு சுக்கு, பத்து மிளகு, இரண்டு ஏலக்காய் என் கணக்கு. உங்கள் கணக்கு இதைவிட நன்றாக வரும். மல்லி முன்னால் நின்று, சுக்கு கடைசியில் தொண்டையில் வந்து உட்கார வேண்டும். முதல் வாயிலேயே சுக்கு அடித்தால் அன்றைக்குக் கை தவறிவிட்டது என்று அர்த்தம்.

ஆவாரம்பூவுக்கு வருகிறேன். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கட்டுகிறோமே, அதே மஞ்சள் பூ. கரட்டு நிலத்தில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறது. பச்சையாகப் போட்டால் அவரைக்காய் வாடை வரும். நிழலில் காயவைத்தால் அந்த வாடை அடங்கி, நீர் தேன் நிறத்தில் இறங்கும். மெல்லிய கசப்பும் அதற்குப் பின்னால் துவர்ப்பும். டீயை இழந்தவனின் நாக்கு எதற்கு ஏங்குகிறது தெரியுமா? இனிப்புக்கு அல்ல, அந்தத் துவர்ப்புக்கு. என் அனுபவத்தில் டீயின் இடத்துக்கு மிக அருகில் வந்து நிற்பது ஆவாரம்பூதான். நேரம் கூடினால் கசந்துவிடும், நாலு நிமிடத்தில் பூவை எடுத்துவிட வேண்டும். இலங்கையில் இதை ரணவரா என்று சொல்லி, கடைகளில் பாக்கெட்டாக விற்கிறார்கள், வீடுகளில் சாதாரணமாகக் குடிக்கிறார்கள். உலகுக்கே தேயிலை விற்கும் நாட்டில், தேயிலைக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் இருக்கிறது.

அந்த நாட்டிலிருந்தே இன்னொரு பழக்கத்தையும் கடன் வாங்கலாம். யாழ்ப்பாணத்தில் வெறும் தேநீரைச் சர்க்கரை போடாமல் ஊற்றிக் கொடுத்து, பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஒரு கடி, ஒரு வாய். இனிப்பு தனியாகவும் பானத்தின் ருசி தனியாகவும் நாக்கில் வந்து சேரும். நம் கடைகளில் கருப்பட்டியைக் கரைத்துக் கரைத்தே எல்லாவற்றையும் பாயசம் ஆக்கிவிடுகிறோம். ஒரு துண்டு கருப்பட்டியைப் பக்கத்தில் வையுங்கள். வேண்டியவர் கடித்துக்கொள்வார், சர்க்கரை நோய் உள்ளவர் தொடாமல் விட்டுவிடுவார். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதை மறைக்க வேண்டாம்.

செம்பருத்தியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டுத் தோட்டத்து ஐந்திதழ்ச் செம்பருத்தியைப் போட்டால் நிறம் வரும், எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவப்பாக மாறும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் ருசி என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் வழவழப்பும் இருக்கும். சங்குப்பூவும் அப்படித்தான், கண்ணுக்கு விருந்து, நாக்குக்கு வெறும் நீர். புளிப்பு வேண்டுமானால் நான் சொன்ன கர்கடேயின் காய்ந்த புல்லிவட்டம்தான் வேண்டும். அது கோடையில் ஆறவைத்துக் கொடுக்கவும் நன்றாக இருக்கும். நன்னாரியைச் சர்பத்தாக மட்டுமே நமக்குத் தெரியும். வேரின் நடுத்தண்டை நீக்கி, பட்டையை மட்டும் நசுக்கிச் சூடாகக் கொடுத்துப் பாருங்கள். அதன் மணப்பொருளும் வனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்கள் வேறு வரிசையில் அடுக்கப்பட்டவை. மழை நாளில் அந்த வாசம் தெருவின் திருப்பம் வரைக்கும் வரும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாலை நாலரை மணியிலிருந்து கடை சாத்தும் வரை, பால் காயும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனிக் குண்டான் வையுங்கள். நாளுக்கு ஒரே ஒரு வகை போதும், திங்கட்கிழமை மல்லி, செவ்வாய்க்கிழமை துளசி என்று எப்படியோ. ஆறு வகை வைத்து ஆறையும் ஆறப் போடுவதில் அர்த்தம் இல்லை. அதற்குத் தனி வடிகட்டி வேண்டும். டீத்தூள் ஊறிய துணியிலேயே இதையும் வடித்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாம் வீண், ருசியும் கெடும். குண்டானுக்கு மேல் ஒரு மூடி எப்போதும் இருக்கட்டும். பலகையில் நோயின் பெயர் எதையும் எழுதாமல், உள்ளே இருப்பதை மட்டும் எழுதுங்கள்: “இன்று: மல்லி, சுக்கு, ஏலம். டீத்தூள் இல்லை, காபித்தூள் இல்லை.” அதிமதுரம் சேர்த்தால் அதை மறக்காமல் எழுதுங்கள், அது தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. கர்ப்பிணி வந்து கேட்டால் இதில் என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள். வேண்டுமா வேண்டாமா என்று அவர் தன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வார். காஃபின் இல்லை என்பதாலேயே எல்லாம் எல்லோருக்கும் ஆகிவிடாது.

லாபக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பால் விலை ஏறும்போதெல்லாம் டீ விலையை ஏற்ற முடியாமல் நீங்கள் தவிப்பதைக் கிளாஸ் கையில் இருந்த காலத்திலிருந்தே பார்க்கிறேன். இதில் பால் இல்லை, திரிந்துபோகும் பயம் இல்லை. நான் சொன்ன ஒரு லிட்டரில் பத்து சின்ன கிளாஸ் வரும். முதல் வாரம் பாதிக் குண்டான் மிஞ்சலாம். அரை லிட்டரில் தொடங்குங்கள். தேயிலையைக் குறைத்து விற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீலகிரியிலும் வால்பாறையிலும் அந்தக் கொழுந்தைக் கிள்ளும் கைகளை நினைத்தால் அப்படிக் கேட்க எனக்கு வாய் வராது. டீ குடிப்பவர்கள் டீ குடிக்கட்டும். இப்போது ஒன்றும் குடிக்காமல் உங்கள் வாசலைக் கடந்து போகிறவர்களை மட்டும் உள்ளே கூப்பிடுங்கள் என்கிறேன்.

எங்கள் தெருமுனை மாஸ்டர் கார்த்திகையிலிருந்து குண்டான் வைத்திருக்கிறார். நாலு கிளாஸ் போகும் நாளும் உண்டு, பதினைந்து போகும் நாளும் உண்டு. நான் மறுபடியும் பெஞ்சில் உட்காருகிறேன். அச்சகத்துப் பிள்ளைகளில் ஒருவன் டீயை விட்டுவிட்டு மல்லிக்கு வந்துவிட்டான், டாக்டர் யாரும் சொல்லாமலே, அது பிடித்துப்போய்.

உங்கள் கடையிலும் நாளை மாலை ஒரு குண்டான் ஏறட்டும். ஊற்றிக் கொடுப்பதற்கு முன், முதல் கிளாஸைச் சர்க்கரை போடாமல், ஆற்றாமல், நீங்களே உட்கார்ந்து குடித்துப் பாருங்கள்.